சர்வீஸ் தொரையின் பெட்டி

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கம். பெயர் சொல்ல மாட்டேன். கம்பெனி இன்னும் இருக்கிறது, நானும் அதன் சம்பளத்தில்தான் இன்னும் இருக்கிறேன். ஐம்பத்தேழாம் ஆண்டு நான் அங்கே ஆபீசில் இளைய கிளாக்கர். டைப் அடிப்பது, கடிதங்களைக் கோப்பில் செருகுவது, தோட்டத்து மேனேஜரான பெரியதொரை தொண்டையைச் செருமினால் எழுந்து நிற்பது, இவைதான் என் வேலை.

அந்த ஆண்டுதான் எங்கள் தோட்டம் "தொழிலாளர் சேவையில் முன்மாதிரி" என்று கொழும்புத் தலைமை ஆபீசிலிருந்து பாராட்டுக் கடிதம் வாங்கியது. கடிதத்துக்குச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். ஆணி அடித்தவன் நான். அந்தப் பாராட்டு எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

தோட்டத்தில் ஆள் செத்தால் பெட்டிக்குப் பலகை தோட்டம் கொடுக்கும். குழி வெட்டும் இரண்டு பேருக்கு அன்று மலைக்குப் போகாமலே பேர் விழும், அதாவது நாள் சம்பளம் உண்டு. இது பழைய வழக்கம். முந்தின மார்கழி மழையில் அழகன் என்ற, தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரர் இறந்தபோது பலகை வர இரண்டு நாள் ஆயிற்று. ஸ்டோர்க்காரர் சாவியையும் எடுத்துக்கொண்டு லீவில் போய்விட்டார். தொழிற்சங்கத்துக்காரர்கள் கோபப்பட்டுக் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் ஆறு குறைகள். நோயாளிகளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வேண்டும் என்பது முதலாவது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் இல்லை என்று போய், ஆறாவதாகப் பெட்டிப் பலகை தாமதம் என்று இருந்தது.

கொழும்பு அசைந்தது. மிஸ்டர் அருமைநாயகத்தை அனுப்பியது.

அவர் கொழும்பில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் இருந்து மேலே வந்தவர். ஹோட்டல், சலவைக்கடை, பிஸ்கட் தொழிற்சாலை என்று பல தொழில்களையும் சுற்றிப் பார்த்து, ஒவ்வொன்றும் தன் வாடிக்கையாளரை எப்படிக் கவனிக்கிறது என்று குறிப்பெடுத்து வைத்திருந்தார். மண்ணிறக் கோட்டு, கையில் பாக்கெட் கடிகாரம், வாயில் மேடைத் தமிழ். அவருடைய பதவியின் முழுப்பெயர் ஒரு வரிக்குள் அடங்காது. லயத்துச் சனங்கள் சர்வீஸ் தொரை என்று சுருக்கிவிட்டார்கள்.

வந்த முதல் நாளே எங்களை ஆபீசில் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"நண்பர்களே, இந்தத் தோட்டத்தில் ஆயிரத்து இருநூறு பேர் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களைக் கூலிகள் என்கிறீர்கள். நான் வாடிக்கையாளர்கள் என்கிறேன். இதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது."

மீதிப் பாதிக்காக ஆறு குறைகளையும் மேசையில் பரப்பினார். இரண்டு நாள் யோசித்தார். குழாயைத் திருத்தினால் கூரையைக் கேட்பார்கள், கூரையைத் திருத்தினால் சுவரைக் கேட்பார்கள், அங்கே வாடிக்கையாளர் திருப்தி அடைய வழியே கிடையாது என்று கண்டார். ஆறாவது குறைதான் அவருக்குப் பிடித்தது.

"பெட்டியைப் பாருங்கள்" என்றார் என்னிடம். "பெட்டி வாங்கியவர் எவராவது பின்னர் வந்து முறையிட்டதாக உங்கள் கோப்பில் இருக்கிறதா?"

"இல்லை சார்."

"நூற்றுக்கு நூறு திருப்தி. கெட்டிக்கார ஸ்தாபனம் இங்கேதான் தொடங்கும்."

அப்படித்தான் தொடங்கியது. எங்கள் தச்சர் ஆண்டியப்பனுக்கு இரண்டு உதவியாட்கள் கிடைத்தார்கள். லொறி ஒன்று பெட்டி வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. இறந்தவரின் உறவுக்காரர் வேறு தோட்டத்தில் இருந்தால் பெட்டியை அங்கே கொண்டுபோய் இறக்குவதும் இலவசம் என்று, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் வாசித்தோம். இரண்டு நாள் தாமதம் ஆறு மணி நேரமாயிற்று. பிறகு இரண்டு மணி நேரம். அதற்குக் கீழே இறங்கவில்லை, ஏனென்றால் பலகை அறுக்கவே இரண்டு மணி நேரம் ஆகும்.

சர்வீஸ் தொரைக்குச் சோறு இறங்கவில்லை. உடப்புசல்லாவைக் கடைவீதியில் ஹமீத் முதலாளியின் கடை நல்ல சேவைக்குப் பேர் போனது என்று யாரோ சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். சாக்குகளுக்கு நடுவே நின்று, உங்கள் சேவையின் இரகசியம் என்ன என்று கேட்டார்.

ஹமீத் முதலாளி அரிசிச் சாக்கு ஒன்றின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார். "இரகசியம் என்னங்க சார். அரிசி கேட்டா அரிசி குடுப்பேன். இல்லாட்டி இல்லேம்பேன். கேக்காததக் கட்டிக் குடுக்க மாட்டேன்."

திரும்பி வரும்போது சர்வீஸ் தொரை அவருக்காக மிகவும் வருந்தினார். "கேட்ட பிறகு கொடுப்பது பெட்டிக்கடை. நல்ல ஹோட்டலில் நீங்கள் உட்காரும் முன்பே தண்ணீர் வந்துவிடும். நல்ல சவரக்காரன் தாடியைப் பார்த்ததுமே கத்தியைத் தீட்டுவான். கேட்கும் முன்பே கொடுப்பதுதான் சேவை. நான் எவ்வளவு மூடனாக இருந்துவிட்டேன்!" என்று தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார்.

மறுநாள் முதல் தோட்டத்து டாக்டர் வாரம் ஒரு பட்டியல் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. டாக்டர் என்பது மரியாதைக்கு. அவர் மருந்து கலக்கிக் கொடுப்பவர். பட்டியலின் தலைப்பு "எதிர்பார்க்கப்படும் வாடிக்கையாளர்கள்." அதில் இருப்பவர்களின் உயரத்தை அளந்து, பெட்டி செய்து, மூடியிலும் கால்மாட்டிலும் வெள்ளைப் பெயின்ட்டால் பெயர் எழுதி, டாக்டர் மருந்து கொடுக்கும் காம்பரா வராந்தாவில் வரிசையாக அடுக்கினோம். மருந்து வாங்க வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

முதல் வாரம் மருந்துக்கு அறுபது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் நாலு பேர். மீனம்மா என்ற கிழங்குபோல் இருந்த பொம்பளை, கை வெட்டுக்குக் கட்டுப் போட வந்தவள், தன் பெயருள்ள பெட்டியைப் பார்த்துவிட்டு மலைச்சரிவில் ஓடிய ஓட்டத்தைக் கண்டு நானே பயந்துபோனேன். அது வேறு மீனம்மாவின் பெட்டி. தோட்டத்தின் உடல்நலம் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டிருப்பதாகச் சர்வீஸ் தொரை சொல்லச் சொல்ல, நான் டைப் அடித்துக் கொழும்புக்கு அனுப்பினேன். பிழை ஒன்றுகூட இல்லாமல் அடித்தேன்.

ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் செல்லசாமி ஆபீசுக்கு வந்தான்.

செல்லசாமி மேல் டிவிசனில் கவ்வாத்து வெட்டுகிறவன். அதிகம் பேசாதவன். அவன் பெண்சாதி காளியாயி கொழுந்து பறிப்பவள். ஐந்து நாளாய் அவளுக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. பெட்டி வரிசைக்குப் பயந்து நாலு நாள் மருந்துக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் செல்லசாமி அவளைத் தூக்கிக்கொண்டே போனான். டாக்டர் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இன்றைக்கே நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள், நாளைக்கு என்றால் தன்னிடம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

நுவரெலியா பதினெட்டு மைல். தோட்டத்துப் பாதையில் வெளி வண்டி ஏறப் பெரியதொரையின் துண்டுச்சீட்டு வேண்டும், பெரியதொரையோ கொழும்பில் இருந்தார். ஆறு மைல் கீழே கடைவீதிக்குப் போனால் பஸ் பிடிக்கலாம். மூச்சு வாங்குகிறவளை நடத்திக்கொண்டு போக முடியாது.

"ஐயா, லொறி சும்மாதாங்க நிக்குது" என்று செல்லசாமி வாசலில் நின்று கும்பிட்டான். "காளியாயிய ஆஸ்பத்திரியில விட்டுட்டா, நாங் கெடந்து உழைச்சு அந்தக் கடனத் தீத்துப்புடுவேனுங்க."

சர்வீஸ் தொரை எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். நாற்காலியில் உட்கார வைத்தார். எங்கள் ஆபீஸ் நாற்காலியில் ஒரு தொழிலாளி உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். தேத்தண்ணி வந்தது, சீனியும் போட்டு.

"உங்கள் மனைவியார் என்ன உயரம்?" என்று அன்போடு கேட்டார்.

செல்லசாமி தன் தோளைத் தொட்டுக் காட்டினான். "இம்புட்டு இருப்பாங்க. எதுக்குங்க ஐயா?"

"பலகை அறுத்தே வைத்திருக்கிறோம். பெட்டி ஒரு மணி நேரத்தில் உங்கள் வாசலில் இருக்கும்."

"பொட்டி வேணாமுங்க. லொறிதான் வேணும். டாக்டரய்யா பொழச்சுக்குவான்னு சொல்றாருங்க."

சர்வீஸ் தொரை பொறுமையாக விளக்கினார். "தம்பி, நோயாளி என்பவர் ஆஸ்பத்திரியின் வாடிக்கையாளர். ஆஸ்பத்திரி வேறு ஸ்தாபனம். ஒரு ஸ்தாபனத்தின் வாடிக்கையாளரை இன்னொரு ஸ்தாபனம் தன் லொறியில் ஏற்றுவது தொழில் நாகரிகம் அல்ல. சலவைக்கடைக்காரன் உங்களுக்குச் சோறு போடுவானா? ஆனால் உங்கள் மனைவியார் எங்கள் வாடிக்கையாளர் ஆகும் அந்தக் கணத்திலிருந்து இந்த லொறி, இதன் டிரைவர், நான், எல்லோரும் உங்கள் சேவகர்கள். உறவினர் வெளியூரில் உண்டா?"

செல்லசாமி முழித்தான். "அவ அண்ணன் லிந்துலையில இருக்காருங்க."

"மிக நன்று. லிந்துலை வரை இலவசம். எழுதிக்கொள்ளும்" என்றார் என்னிடம்.

நான் எழுதினேன். எழுதிக்கொண்டே நிமிர்ந்து செல்லசாமியைப் பார்த்தேன். லிந்துலைக்கு நுவரெலியா வழியாகத்தான் போக வேண்டும். அது அவனுக்கும் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தான்.

"அப்ப அவ போயிட்டான்னு நாஞ் சொன்னா லொறி வருமுங்களா?"

"வாடிக்கையாளரை வாயால் சொல்ல வைப்பதே சேவையில் ஒரு குறை" என்றார் சர்வீஸ் தொரை. "இந்த மரண அறிவிப்புத் துண்டில் கைநாட்டு வைத்து அனுப்பினால் போதும்."

அரை மணி நேரத்தில் துண்டு வந்துவிட்டது. கைநாட்டில் மை பரவியிருந்தது, மழையாகவும் இருக்கலாம். அவள் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். டிரைவர் ரிஸ்வியிடம் போய், நுவரெலியா ஆஸ்பத்திரி வாசலில் லொறி கொஞ்சம் மக்கர் பண்ணினால் நல்லது என்று மட்டும் சொன்னேன். ரிஸ்வி பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "அந்த எடத்துல எஞ்சின் சூடாகித்தான் போகும் கிளாக்கரய்யா. நிப்பாட்டாம முடியாது" என்றான். என் வாழ்க்கையில் நான் செய்த துணிச்சலான காரியம் அதுவரைக்கும் அது ஒன்றுதான், அதுவும் இன்னொருத்தன் தலையில் கட்டியது.

லயத்து வாசலில் பெட்டி கிடந்தது. உள்ளே காளியாயி. கம்பளியால் போர்த்தி, முகத்தில் சேலைத் தலைப்பைப் போட்டிருந்தார்கள். மூடியை மேலே சும்மா வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பதால் ஒப்பாரி வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. உள்ளேயிருந்து வரும் மூச்சு வெளியே கேட்கக் கூடாதே.

தாமதம் நாற்பது நிமிஷம் என்று சர்வீஸ் தொரை கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அதுவரை நடந்ததில் அதுதான் சிறந்த நேரம். அவர் முகம் மலர்ந்திருந்தது. பெட்டியைச் சுற்றி நடந்தார். மூடியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அது நகர்ந்தது.

"இது என்ன? திறந்த பொட்டலத்தை அனுப்புவார்களா? நான் பிஸ்கட் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறேன். டின்னை மூடி ஒட்டாமல் ஒன்றுகூட வாசலைத் தாண்டாது. வாடிக்கையாளர் என்றால் அவ்வளவு மரியாதை. ஆண்டியப்பன், எத்தனை ஆணி?"

"பதினாறு போடலாமுங்க" என்றார் ஆண்டியப்பன். அவருக்கும் விஷயம் தெரியும். "மழை வருதுங்க ஐயா, அங்க போயி அடிச்சுக்கலாமே."

"இங்கேயே. என் முன்னால்."

முதல் ஆணி இறங்கியது. ஒப்பாரி நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த அமைதியில், மூடிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த சேலை நுனி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. உள்ளேயிருந்து யாரோ அதை இழுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தேன். சர்வீஸ் தொரையும் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார்.

"இரண்டாவது" என்றார்.

ஆண்டியப்பன் சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை மேலேயே நின்றது. "என்னால ஆகாதுங்க" என்றார்.

"அடிக்காதீங்கண்ணே!" என்று செல்லசாமி பெட்டியின் மேல் விழுந்தான். "உசுரு இருக்குங்க! எம் பொஞ்சாதி உசுரோட இருக்காங்க! லொறிக்காகத்தான் பொய் சொன்னேன். என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க, பேர வெட்டிப்புடுங்க, அவள மட்டும் கொண்டுபோயிருங்க!"

ஆண்டியப்பன் ஆணியைப் பிடுங்கி மூடியைத் தூக்கினார். காளியாயி கண்ணைத் திறந்து மழையைப் பார்த்தாள். அவள் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது.

சர்வீஸ் தொரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் காளியாயிக்கு ஒரு சிறு வணக்கம் போட்டார்.

"அவசரப்பட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்" என்றார் செல்லசாமியிடம். "இதில் எங்களுக்கு மனவருத்தம் இல்லை. பேர் வெட்ட மாட்டோம். வாடிக்கையாளரை எந்த நல்ல ஸ்தாபனமும் தண்டிக்காது. ஆனால் இவர் இன்னும் எங்கள் வாடிக்கையாளர் ஆகவில்லை. ஆகும் வரை லொறியில் ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை."

"பெரியதொரைக்குப் போன் போட்டுக் கேளுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சேவை இலாகாவில் நான்தான் பெரியதொரை" என்றார்.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எட்டு ஆண்கள் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள், முன்னால் செல்லசாமி. கடைவீதிக்குப் போய்விட்டால் மூன்றரை மணி பஸ் இருக்கிறது. பேச்சியம்மா என்ற கிழவி ஒரு சாக்குப் படங்கைக் கொண்டுவந்து, முகத்தில் மழை விழாமல் பெட்டியின் தலைமாட்டில் கட்டினாள். பெட்டியைக் கொண்டுபோகலாமா என்று ஆண்டியப்பன் பயந்துபயந்து கேட்டார்.

"தாராளமாக. அது அவருடையதுதானே, பெயர்கூட எழுதியாயிற்று" என்றார் சர்வீஸ் தொரை.

அவர்கள் பாதையில் இறங்கினார்கள். சர்வீஸ் தொரை கொஞ்ச நேரம் அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரிஸ்வியைக் கூப்பிட்டு லொறியை எடுக்கச் சொன்னார். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. மனுஷன் மனம் மாறிவிட்டார் என்று நினைத்து ஓடிப்போய் ஏறினேன். அவர் எனக்கும் ரிஸ்விக்கும் நடுவில் உட்கார்ந்தார், மடியில் பதிவேடு.

"கொழும்பில் கெட்டிக்கார டாக்சிக்காரன் என்ன செய்வான் தெரியுமா? மழையில் ஒருவர் நடந்து போனால் பின்னாலேயே மெதுவாக வருவான். எப்படியும் ஏறுவார் என்று அவனுக்குத் தெரியும். இன்றைக்கு நம் தாமதம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. ரிஸ்வி, அவர்களை முந்தாதே. பத்து கெஜம் விட்டு வா."

ரிஸ்வி என்னைப் பார்த்தான். நான் என் கால்களைப் பார்த்துக்கொண்டேன். லொறி முதல் கியரில் முனகிக்கொண்டு நகர்ந்தது. கண்ணாடிக்கு முன்னால் எட்டு முதுகுகள், அவற்றின் மேல் பெட்டி, கால்மாட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் காளியாயி என்ற பெயர். பின்னால் எங்கள் லொறி காலியாக ஆடிக்கொண்டு வந்தது. அதில் பத்துப் பேரைப் படுக்க வைக்கலாம்.

ஒரு மைல் ஆனதும் சர்வீஸ் தொரை சொன்னார். "போய் விசாரித்து வாரும். மரியாதையாகக் கேளும்."

நான் இறங்கி ஓடினேன். என்ன கேட்பது? செல்லசாமியின் பக்கத்தில் போய் நடந்தேன். "என்ன செல்லசாமி" என்றேன்.

"இருக்காங்க ஐயா" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

வந்து சொன்னேன். பதிவேட்டில் நேரம் குறித்தார். இரண்டாவது மைலிலும் அனுப்பினார். நான் மறுபடியும் இறங்கினேன். இறங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அந்தப் பெட்டிக்கு ஒரு தோள் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. எனக்கு வீட்டில் ஐந்து வயிறு என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன், அது உண்மையும்கூட.

மூன்றாவது மைலில், பெரிய வளைவில், தோள் மாற்றிக்கொள்வதற்காகப் பெட்டியைப் பாறை மேல் இறக்கினார்கள். லொறியும் நின்றது. எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றார் சர்வீஸ் தொரை. என் முழங்கையைத் தொட்டார். நான் இறங்கினேன்.

செல்லசாமி பாதை ஓரம் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் அருகே போய் நின்றேன். படங்குக்குள்ளேயிருந்து காளியாயி என்னைப் பார்த்தாள். அவளுக்கு நல்ல நினைவு இருந்தது. என் பின்னால் முனகிக்கொண்டு நிற்கும் லொறியையும் பார்த்தாள். உதடு அசைவது தெரிந்து நான் குனிந்தேன்.

"இன்னும் இல்லன்னு போயிச் சொல்லுங்க, கிளாக்கரய்யா" என்றாள்.

போய்ச் சொன்னேன்.